மேய்ப்பர் வேலைக்கு ஆள் தேவை

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுத உக்காந்ததுக்கு எங்க அக்காதான் காரணம், அதனால திட்டணும்னா திட்டு அங்க போகட்டும் :-)

அக்கான்னா பெரியம்மா பொண்ணு. கல்யாணமாகி இங்கிலாந்து போய் ஏழு வருஷம் ஆச்சு. இங்க இருந்தவரைக்கும் ஒரு தனியார் பள்ளியில பிளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கணக்கு டீச்சர். அங்க போய் பயிற்சியெல்லாம் முடிச்சு அங்கயும் கணக்குதான் எடுக்கறா. ஒரு ஞாயித்துக்கிழமை பாகூர்ல வீட்டுத் திண்ணையில சாஞ்சிருந்தப்ப போன் வந்துச்சு.

"தம்பி, ஒரு வேலைக்கு அப்ளை பண்றேன்டா. சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ்ல பாஸ்டரல் லீடர். ஃபார்ம் அனுப்பியிருக்கேன், ஒருதரம் இங்கிலீஷ் பாத்துக் குடு."

பாத்தேன். இங்கிலீஷ்ல தப்பே இல்ல. ஆனா 'இந்த வேலையில் முன் அனுபவம்'ங்கற கட்டத்துல 'முறையான அனுபவம் எதுவும் இல்லை'ன்னு ஒத்தை வரி எழுதியிருந்தா. அந்த வரிதான் உறுத்திச்சு. மறுபடி கூப்பிட்டேன். "ஏன்க்கா இப்படி எழுதின?"ன்னேன். "வேற என்னடா எழுத? நம்ம ஊர்ல இந்த வேலைக்குப் பேராவது இருக்கா சொல்லு"ன்னா. பதில் வரல எனக்கு. அந்தக் கேள்வியப் புடிச்சுக்கினு ரெண்டு வாரம் கல்வெட்டுப் புத்தகங்களோட சுத்தினதுதான் இந்தப் பதிவு.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். சிக்ஸ்த் ஃபார்ம்னா அங்க 16 வயசுலேருந்து 18 வரைக்கும், நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. அதுக்குன்னே தனியா காலேஜ் வைக்கறது பழைய விஷயமில்ல, 1966-ல லூட்டன் ஊர்ல ஆரம்பிச்சதத்தான் முதல் சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜ்னு சொல்றாங்க. (எங்க தாத்தாவும் 'சிக்ஸ்த் பாரம்' படிச்சவர்தான். ஆத்துக்கு அந்தப் பக்கம் கடலூர் பிரிட்டிஷ் சீமை, அங்க சிக்ஸ்த் பாரம்னா எஸ்.எஸ்.எல்.சி. இந்தப் பக்கம் நாங்க பிரெஞ்சு, இங்க பரீட்சைக்கு பிரெவே, பக்கலொரேயான்னு பேரு. ஒரே சம்பந்தத்துல பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் படிப்பு வேற வேற பேர்ல இருக்கும்.)

பாஸ்டரல் லீடர் வேலையில முக்கியம் பாடம் எடுக்கறது இல்ல. ஒரு வருஷத்துப் பிள்ளைங்க மொத்தப் பேரையும் கவனிச்சுக்கறது. யாரு நாலு நாளா வரல, யாரு வீட்ல அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க, யாரு சாப்பிடாம இருக்கா, யாரு கையில புதுசா கீறல் தெரியுது... இதெல்லாம் பாக்கணும், வீட்டோட பேசணும், தேவைன்னா மருத்துவர்கிட்ட அனுப்பணும். 'பாஸ்டர்'ங்கற லத்தீன் சொல்லுக்கு மேய்ப்பன்னு அர்த்தம். ஆகக்கூடி இது மேய்ப்பர் வேலை. நம்ம ஊர்ல வாத்தியார் கோவம் வந்தா சொல்றது என்ன? 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு.' அங்க அதுக்குன்னு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வு வச்சு எடுக்கறாங்க!

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. நான் இஞ்சினியரிங் சேர்ந்த முதல் மாசம். ஹாஸ்டல்ல என் ரூம்மேட் திருக்கோவிலூர் பக்கத்துலேருந்து வந்த பையன், தமிழ் மீடியம். முதல் வாரம் நல்லா பேசினான். ரெண்டாவது வாரம் மெஸ்ஸுக்கு வரத நிறுத்திட்டான். மூணாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்து பாத்தா அவன் பெட்டி இல்ல. வார்டன் நோட்டைப் பொரட்டி பேருக்கு நேரா ஒரு கோடு போட்டாரு. ஏன் போனான்னு யாரும் கேக்கல. நானும்தான் கேக்கல, எனக்கு அப்ப பதினேழு வயசு. அந்த ஹாஸ்டல்ல கேக்கறதுக்குன்னு ஒரு ஆளே கிடையாது. வார்டன் வேலை வருகைப் பதிவு, கேட்டு பூட்டறது, மெஸ் பில். அக்கா கேள்வி எனக்கு ஏன் உறுத்திச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்க ஊர்ல காலேஜ் இருந்திருக்கு. இப்ப இல்லீங்க, பல்லவர் காலத்துல. பாகூர்னா நிறைய பேருக்கு 1752-ல பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடிச்சிக்கிட்ட போர்தான் ஞாபகம் வரும், இல்லன்னா ஏரி. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 9-ஆம் நூற்றாண்டுல, நிருபதுங்கவர்மன்ங்கற பல்லவ ராஜாவோட எட்டாம் ஆட்சியாண்டுல ஒரு செப்பேடு எழுதியிருக்காங்க. அஞ்சு ஏடு, வடமொழியும் தமிழும் கலந்து. வாகூர்ல (அதான் அப்ப எங்க ஊர் பேரு) இருந்த வித்யாஸ்தானத்துக்கு சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரின்னு மூணு கிராமத்த எழுதி வச்சிருக்காங்க. ராஜாகிட்ட கேட்டு வாங்கிக் குடுத்தவர் நிலைதாங்கின்னு ஒரு தலைவர். என்ன பேரு பாருங்க, நிலைதாங்கி! 19-ஆம் நூற்றாண்டுல இந்த ஏடுங்க ஒரு பிரெஞ்சு நீதிபதி கைக்குக் கிடைச்சு பாரிசுக்குப் போய்ச் சேந்துச்சு. பாகூர்க்காரங்க நாங்க மூலநாதர் கோயில்ல உக்காந்துக்கினு பெருமை மட்டும் பேசிட்டிருக்கோம்.

அந்த ஏட்டுல வித்யாஸ்தானத்தப் பத்தி வர்ற வர்ணனை அழகா இருக்கு, கங்கை, சிவன் சடைன்னெல்லாம் வருது. ஆனா உள்ள எத்தனை பேர் படிச்சாங்க, யாரு பாத்துக்கிட்டாங்க, ஒண்ணும் இல்ல. அதுக்கு திருபுவனை போகணும்.

போனேன். வில்லியனூர் தாண்டி விழுப்புரம் ரோட்ல, மதகடிப்பட்டுக்கு முன்னாடி. நான் போனது செவ்வாக்கிழமைன்னு மறந்துட்டேன், மதகடிப்பட்டு மாட்டுச் சந்தை, ரோடு முழுக்க மினி லாரியும் மாடும். மேய்ப்பர் ஆராய்ச்சிக்குப் பொருத்தமான நாள்தான். திருபுவனைப் பெருமாள் கோயில் சுவத்துல கல்வெட்டு எழுத்து நல்லாத்தான் தெரியுது, ஆனா எனக்கு அங்கொண்ணு இங்கொண்ணா எழுத்துகளக் கூட்டத்தான் வந்துச்சு. எங்க ஊர் பாகூர் குப்புசாமி வாழ்நாள் பூரா ஊர் ஊரா அலைஞ்சு இந்தக் கல்வெட்டுங்களத் தொகுத்தாரு. அது 2006-ல பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் வெளியீடா வந்துச்சு. அந்த மாதிரி ஆளுங்க புண்ணியத்துலதான் என்ன மாதிரி சாப்ட்வேர்க்காரன் ஞாயித்துக்கிழமை வரலாறு பேச முடியுது.

திருபுவனைக் கல்வெட்டு முதலாம் ராஜாதிராஜன் காலத்தது, 1048. கல்லூரியில 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். 72 வேலி நிலம் விட்டிருக்காங்க. வேதம், இலக்கணம், மனு, ராமாயண பாரதம்னு பாடங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: இங்க படிக்கறவங்களையும் பாடம் சொல்றவங்களையும் ஊர் வாரியங்கள்ல வேலை செய்யச் சொல்லக்கூடாதுன்னு விலக்கு குடுத்திருக்காங்க. ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு சபை வேலைங்க இருக்குமே, அதுலேருந்து. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலைன்னு இன்னிக்கு வாத்தியாருங்கள இழுக்கறத நினைச்சுப் பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தருக்குத் தோணியிருக்கு.

இதே காலத்துல, இதே வட்டாரத்துல, இன்னும் கொஞ்சம் மேக்கால விழுப்புரம் மாவட்டத்துல எண்ணாயிரம். அங்க முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளநிலையில 270, முதுநிலையில 70. இளநிலைப் பையனுக்கு நாளைக்கு ஆறு நாழி நெல்லு. வியாகரணம் சொல்லித் தர்றவருக்கு நாளைக்கு ஒரு கலம். கை சும்மா இருக்குமா? எக்செல் திறந்தேன். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னெண்டு குறுணி ஒரு கலம், ஆக 96 நாழி. 96-ஐ ஆறால வகுத்தா 16. வியாகரண வாத்தியாரோட ஒரு நாள் நெல்லு பதினாறு பையன்களோட ஒரு நாள் நெல்லு. அதுக்கு மேல, பாடம் நடத்தி முடிக்கற அத்தியாயத்துக்கு ஒரு கழஞ்சு பொன் வேற. ப்ராஜெக்ட் முடிச்சா போனஸ் மாதிரி!

ஆனா கவனிச்சீங்களா, இது எல்லாமே படிப்புக் கணக்கு. எத்தனை பேர், என்ன பாடம், எத்தனை நாழி. அக்கா கேட்ட வேலை இதுல எங்க?

மொத மொத கண்ல பட்டது 999-ஆம் வருஷத்து அனியூர்க் கல்வெட்டு. செங்கல்பட்டுச் சீமை, ராஜராஜன் காலம். ஒரு பட்டவிருத்தி வைக்கறாங்க, அதாவது ஒரு வாத்தியாருக்கு மானிய நிலம். அது யாருக்குன்னா வேதம், பாணினி இலக்கணம், அலங்காரம், மீமாம்சையில 20 அத்தியாயம், இதெல்லாம் சொல்லித் தரத் தெரிஞ்சவருக்கு. இன்னிக்கு வேலை விளம்பரத்துல வர்ற தகுதிப் பட்டியலேதான். கூடவே ஒரு கடமை: நாலு மாணவர்களுக்குச் சோறும் போட்டுப் படிப்பும் சொல்லணும். சோறு போடறது வேலை விவரத்துக்குள்ளயே வந்துடுச்சு. யாரு போடறது? பட்டர் வீட்டு அடுப்புல நின்னது யாருன்னு கல்வெட்டு சொல்லாது, நமக்கே தெரியும்.

அடுத்தது திருமுக்கூடல். இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற இடம். அந்தப் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திரனோட அஞ்சாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சுமார் 1067. சின்ன இடம்தான், படிக்கறவங்க சில பத்து பேர். பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி மூணும் ஜனநாத மண்டபத்துலயே. கல்வெட்டுல விடுதிக்கு என்னென்ன வேணும்னு எழுதியிருக்காங்க பாருங்க. படுக்கப் பாய். ராத்திரி எரிய விளக்கு, அதுக்கு எண்ணெய். வருஷத்துல 51 சனிக்கிழமை தலைக்கு எண்ணெய்!

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்னு வாசிச்சதும் கொஞ்ச நேரம் புத்தகத்த மூடி வச்சுட்டேன். எங்க ஆயா சனிக்கிழமையானா கிணத்தடியில உக்கார வச்சு தலையில எண்ணெய அறைவாங்க. கண்ணு எரியும், கத்துவேன். அந்த நேரத்துலதான் "ஏன்டா மொகம் வாடிக் கெடக்கு, எவன் அடிச்சான்"னு கேப்பாங்க. பல விஷயம் அங்கதான் வெளிய வரும். வீட்ட விட்டு வந்து வேதம் மனப்பாடம் பண்ற பையனுக்கு வாரம் ஒருதரம் தலையில எண்ணெய் வேணும்னு ஒரு ராஜாங்கக் கல்வெட்டுல செதுக்கி வச்சிருக்காங்கன்னா, அத எழுதச் சொன்னவருக்குப் பிள்ளைங்களத் தெரிஞ்சிருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பேரு வீரசோழன். 15 படுக்கை. ஒரு மருத்துவர், வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் மேல காசும். அறுவை செய்ய ஒருத்தர், மூலிகை கொண்டு வர ரெண்டு பேர், மருந்து காய்ச்சிக் கவனிக்கப் பெண்கள் ரெண்டு பேர், ஒரு நாவிதர். கோயில்ல வேலை செய்றவங்களுக்கும் இங்க படிக்கறவங்களுக்கும் சொல்லித் தர்றவங்களுக்கும் சேத்துத்தான் இந்த ஆஸ்பத்திரி. விடுதிக்கும் வேலைக்காரப் பெண்கள் உண்டு.

மருத்துவர் பேரு கல்லுல இருக்கு: கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். அந்தப் பெண்கள் பேரு கிடையாது. இவ்வளவு எழுதினவங்க ஒரு பேரு எழுதல.

இதுக்கு நேர் எதிரா தெக்க ஒரு உதாரணம். இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கற பார்த்திவசேகரபுரத்துல ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல வச்ச சாலை. 95 பேருக்கு இடம். உள்ள வரணும்னாலே இலக்கணம், மீமாம்சை தெரிஞ்சிருக்கணும். இங்க எழுதி வச்சது பூரா ஒழுங்கு விதி: ஆயுதத்தோட வரக்கூடாது, சண்டை போட்டா தண்டம், மடத்துல பெண்கள வச்சுக்கக் கூடாது. படிச்சப்ப என் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்துச்சு :-( ஆக ரெண்டு வழியும் நம்ம மண்ணுலயே இருந்திருக்கு. பிள்ளைய எண்ணெய் தேச்சுப் பாத்துக்கறது ஒண்ணு, தண்டம் போட்டுப் பாத்துக்கறது ஒண்ணு. பின்னாடி ஹாஸ்டல்னு கட்டினப்ப நாம ரெண்டாவதத்தான் எடுத்துக்கிட்டோம்னு எனக்குத் தோணுது.

பிரெஞ்சுக்காரனும் இங்க கொண்டு வந்தது ரெண்டாவததுதான். புதுச்சேரியில 1826-ல கொலேழ் ரொயால் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு லிசே ஃபிரான்சே. பிரெஞ்சுப் பள்ளிங்கள்ல ஒழுங்க கவனிக்கறதுக்குன்னே 'சுர்வெயான் ஜெனரால்'னு ஒரு பதவி, தலைமைக் கண்காணிப்பாளர்னு வச்சுக்கலாம். பிள்ளைங்களுக்குச் சிம்ம சொப்பனம். ஆனா 1970-ல பிரான்ஸ்ல அந்தப் பதவியையே எடுத்துட்டு, அந்த இடத்துல கல்வி ஆலோசகர்னு பேர் வச்சு வேற வேலையாக்கினாங்க. முதன்மைக் கல்வி ஆலோசகர்னு அதுக்குப் போட்டித் தேர்வெல்லாம் இருக்கு. அக்கா விண்ணப்பம் போட்ட வேலையோட பிரெஞ்சு அண்ணன்.

ஒண்ணு மட்டும் மழுப்பாம சொல்லிடணும். வாகூர், திருபுவனை, எண்ணாயிரம்னு பெருமையா பேசறேனே, அந்தக் கல்லூரிங்கள்ல வேதம் படிச்சது பிராமண ஆம்பளைப் பிள்ளைங்க மட்டும். மூணு கிராமத்து நெல்லு உள்ள போச்சு, அந்த நெல்ல வெளைய வச்சவன் பிள்ளை உள்ள போகல. எங்க தாத்தனுக்குத் தாத்தன் அந்த ஏரிக்கு மதகு திறந்திருப்பான், அவ்வளவுதான். அக்காவுக்கு அங்க படிக்கவே இடம் கிடையாது. அவளுக்குக் கிடைச்சிருக்கக்கூடியது திருமுக்கூடல்ல மருந்து காய்ச்சற அந்தப் பேரில்லாத வேலைதான்.

இதெல்லாம் சேத்து ஒரு நாள் ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். அங்க சாயங்காலம். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிடா, இத எப்படி ஃபார்ம்ல எழுத?"ன்னா. நியாயம்தான்.

அப்பதான் எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அக்கா இங்க வேலை பாத்தப்ப பிளஸ் ஒன்ல ஒரு பொண்ணு, கரையாம்புத்தூர் பக்கம். திடீர்னு பத்து நாளா வரல. அக்கா ஸ்கூட்டிய எடுத்துக்கினு போயிட்டா. போய்ப் பாத்தா வீட்ல மாப்பிள்ளை பாத்து முடிக்கப் போறாங்க. அந்த அம்மாகிட்ட மொத நாள் பேசினா, கேக்கல. மறு வாரம் எங்க பெரியம்மாவையே கூட்டிக்கினு போனா. மூணாவது தரம் போனப்ப, "பிளஸ் டூ முடியட்டும்"னாங்க. பொண்ணு திரும்பி வந்துச்சு. பள்ளி நிர்வாகம் அக்காவக் கூப்பிட்டு, "உங்க வேலை கணக்கு எடுக்கறது, வீடு வீடா போறது இல்ல"ன்னு சொன்னதுதான் மிச்சம். இந்த மாதிரி நாலஞ்சு கதை அவகிட்ட இருக்கு. யாரும் சொல்லாம, சம்பளமில்லாம, ட்யூஷன் முடிஞ்சு போய்ச் செஞ்சது.

"அத எழுது"ன்னேன்.

"அது அனுபவமாடா? அது சும்மா போனது."

"அங்க அதுக்குத்தான் சம்பளம் தராங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் 'முறையான அனுபவம் எதுவும் இல்லை'ய அழிச்சுட்டு ஒண்ணரைப் பக்கம் எழுதினா. நான் கால்புள்ளி மட்டும் ரெண்டு மாத்தினேன்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டாங்க. அதுல ஒரு சுற்று மாணவர்களே உக்காந்து கேள்வி கேக்கறது. இது நல்ல ஏற்பாடு, உத்திரமேரூர்ல வாரியத்துக்கு ஆள் எடுக்க 919-லயும் 921-லயும் அவ்வளவு விதி எழுதினாங்களே, கணக்கு காட்டாதவன் கூடாது, முப்பத்தஞ்சு வயசு ஆகணும்னு, அவங்களுக்குக்கூட இது தோணல. ஒரு பையன் கேட்டானாம், "நான் உங்க ரூமுக்கு வந்துட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு. எல்லா தயாரிப்பும் மறந்து போய், வாயில வந்ததச் சொல்லிட்டாளாம்: "சாப்பிட்டியான்னு கேப்பேன்."

பையன் சிரிச்சுட்டானாம்.

அந்த வேலை கிடைக்கல. அங்கேயே வேலை பாத்த ஒருத்தருக்குப் போயிடுச்சு. ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, துணைப் பொறுப்புக்கு ஒரு இடம் இருக்கு, செப்டம்பர்லேருந்து வரீங்களான்னு கேட்டிருக்காங்க. வாரத்துல பாதி கணக்கு, பாதி மேய்ப்பு. சரின்னுட்டா.

திருபுவனைக் கல்வெட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கா, புது ரூம்ல மாட்டணுமாம். நான் எடுத்த ஒரே நல்ல போட்டோவுல எழுத்து மேல ஒரு பல்லி உக்காந்திருக்கு. அடுத்த வாரம் திரும்பவும் போகணும், இந்த தடவ செவ்வாக்கிழமை இல்லாம.